தட்டுக்கேற்ற முள்: கிராமபோன் ஊசியிலிருந்து கார்ட்ரிட்ஜ் வரை

ஊரை விட்டு வந்தவர்கள் எதையெதைக் கட்டி எடுத்து வந்தார்கள் என்று பார்த்தாலே அவர்கள் மனம் தெரிந்துவிடும். குத்துவிளக்கு, இட்லிக் கொப்பரை, அம்மியில்லாவிட்டாலும் குழவி, பஞ்சாங்கம். புனேயில் கிர்க்கி, கேம்ப், ஏரவாடா பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பரணில் இவற்றோடு இன்னொன்றும் இருக்கும். பழைய புடவையில் சுற்றி, தகரப் பெட்டிக்குள் அடுக்கிய இசைத்தட்டுகள். கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும், எம்.கே.டி.யும் வசந்தகோகிலமும், இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும், ‘திருவிளையாடல்’ வசனமும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும்.

சில ஆண்டுகளாக இந்தப் பெட்டிகள் மறுபடியும் பரணிலிருந்து இறங்குகின்றன. பேரப்பிள்ளைகள் டர்ன்டேபிள் வாங்குகிறார்கள். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஜூனா பஜாரில் தட்டு தேடுகிறார்கள். ஏரவாடாவில் குடியிருக்கும் எனக்கு இந்தப் பைத்தியம் நெடுநாளாக உண்டு என்பதால் அக்கம்பக்கத்தார் வந்து கேட்பார்கள்: “எந்தக் கார்ட்ரிட்ஜ் வாங்கலாம்? எப்படி மாட்டணும்?” கடைக்காரர் சொல்ல வேண்டிய பதில் போலத் தோன்றும். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் விலைப்பட்டியலில் இல்லை. தட்டின் வரலாற்றில் இருக்கிறது. தட்டு எந்தக் காலத்தில், எந்த முறையில் செய்யப்பட்டது என்று தெரியாமல் முள்ளை வைத்தால், நாம் கேட்கும் அந்த மூன்று நிமிடத்திலேயே தட்டின் ஆயுளில் ஒரு பகுதி போய்விடும். அந்த வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். தட்டில் சுருள் சுருளாக ஓடும் வரி பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஓடும் நுனியை நம் ஊர் மைக்செட்காரர்கள் ‘முள்’ என்பார்கள். பழைய கிராமபோனுக்கு அது ‘ஊசி’. முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறிய பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதைத் தாங்கி நிற்பது கை.

அரக்கும் எஃகும்

இந்தியாவில் கிராமபோன் கம்பெனி முதன்முதலாகப் பாட்டுப் பதிவு செய்தது 1902 நவம்பரில், கல்கத்தாவில். லண்டனிலிருந்து வந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் அங்கே கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தா சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை தொடங்கியது; 1928இல் டம்டமுக்கு மாறியது. தமிழ்நாட்டு வீடுகளில் நாய் படம் போட்ட தட்டுகள் பெரும்பாலும் இந்த வழியாக வந்தவைதான்.

அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கு. வெளிநாட்டுச் சரக்கு என்று நாம் நினைத்த கிராமபோன் தட்டின் உயிர்ப்பொருள் நம் சோட்டாநாக்பூர்க் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் அரக்குப்பூச்சி சுரந்த பிசின். உலகம் முழுவதற்கும் அது இந்தியாவிலிருந்துதான் பெருமளவு போனது. இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்து தடைப்பட்டபோது, 1942இல் அமெரிக்கா தன் தட்டுக் கம்பெனிகளுக்கு அரக்கைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அரக்கோடு கல்மாவையும் சேர்த்துத்தான் தட்டை வார்த்தார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேல் எடையோடு பள்ளத்தில் அழுத்தும். எஃகு ஊசியின் நுனி எந்தப் பள்ளத்துக்கும் அப்படியே பொருந்தாது. தட்டிலுள்ள கல்மாவு, முதல் சில சுற்றுகளிலேயே ஊசி நுனியைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தட்டே ஊசிக்குச் சாணைக்கல். அதனால்தான் ‘ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி’ என்று விதி வைத்தார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் பள்ளம் நூறு மீட்டருக்கு மேல் நீளும். அவ்வளவு தூரம் சாணையில் ஓடிய ஊசி பக்கம் முடிவதற்குள் உளிபோல் கூராகிவிடும். அதே ஊசியை அடுத்த பக்கத்துக்கும் வைத்தால் அது பள்ளத்தைச் சீவ ஆரம்பிக்கும்.

நம் வீடுகளில் நடந்தது என்ன? “ஊசி டப்பா தீர்ந்துபோச்சு, இருக்கிறதைத் திருப்பிப் போடு” என்பதுதான். சிக்கனம் நம் குணம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்று அந்தத் தட்டுகள் சாம்பல் பூத்துக் கரகரப்பது அந்தச் சிக்கனத்தின் விளைவுதான். கறுப்பாகப் பளபளக்கும் தட்டு அதிகம் பாடாதது அல்லது நல்ல ஊசியில் பாடியது. சாம்பல் நிறம் ஏறியது தேய்ந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

1931: ஒரு குரல், ஒரு சக்கரம், ஒரு கண்டுபிடிப்பு

ஏரவாடா என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சிறைச்சாலையும் காந்தியும். காந்தியின் ஏரவாடா வாசத்துக்கும் இசைத்தட்டுக்கும் ஒரு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அது நம் கேள்விக்கும் உதவும்.

1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தி, நகரின் கிழக்குப் பகுதியில் கிங்ஸ்லி ஹால் என்ற இடத்தில் தங்கினார். அந்த அக்டோபரில் கொலம்பியா கம்பெனி அங்கேயே வந்து அவர் குரலைப் பதிவு செய்தது. கடவுளைப் பற்றி 1928இல் ‘யங் இந்தியா’வில் தாம் எழுதியதை அவர் ஆங்கிலத்தில் வாசித்தார். ஒரே தட்டின் இரண்டு பக்கங்களில் அது அடங்கியது. ஊர் திரும்பிய சில நாட்களில், 1932 ஜனவரி 4 அன்று கைதாகி ஏரவாடா சிறைக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் உண்ணாவிரதமும் புனே ஒப்பந்தமும் இங்கேதான் நடந்தன. ஆள் சிறைக்குள்ளே, குரல் வெளியே கடைகளில். இசைத்தட்டு என்ற சாதனம் என்ன செய்யக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

அதே கொலம்பியாவில் அப்போது ஆலன் புளும்லைன் என்ற இளம் பொறியாளர் வேலை பார்த்தார். 1931இல் கொலம்பியாவும் எச்.எம்.வி.யின் தாய்க் கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. அந்த ஆண்டு டிசம்பரில் புளும்லைன் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இரண்டு வேறு ஒலிகளை, ஒவ்வொன்றையும் 45 பாகைச் சாய்வில் பதியலாம் என்பது அதில் ஒரு பகுதி. இதுதான் ஸ்டீரியோ தட்டின் அடிப்படை. அது கடைக்கு வர 1957–58 ஆயிற்று. காந்தி குரல் பதிந்த பள்ளத்தில் முள் பக்கவாட்டில் மட்டும் அசையும். புளும்லைனின் பள்ளத்தில் மேலும் கீழுமாகவும் அசையும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது.

இன்னொரு பொருளையும் இங்கே சொல்லலாம். கைப்பெட்டி போல மூடி எடுத்துச் செல்லும் சிறிய இராட்டைக்கு ‘ஏரவாடா சக்கரம்’ என்றே பெயர். அதே காலத்தில்தான் எச்.எம்.வி.யின் 102 என்ற பெட்டி கிராமபோனும் வந்தது. இரண்டும் பெட்டிக்குள் சுழலும் சக்கரம். இராட்டையில் நூற்றவர்களுக்குத் தெரியும்: கதிர் ஒரு நூலிழை கோணினாலும் நூல் அறுந்துவிடும். முள்ளும் அப்படித்தான். ஆனால் அங்கே நூல் அறுந்தால் மறுபடி நூற்கலாம். இங்கே அறுபடுவது பாட்டு.

புனேயிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை

முள்ளுக்கு அடுத்தது வேகம். இதைச் சொல்ல உஸ்தாத் அப்துல் கரீம் கானைவிடப் பொருத்தமானவர் இல்லை; புனேத் தமிழர்களாகிய நமக்கு அவர் இரட்டை உறவு. கிரானா கரானாவின் அந்தப் பெரிய பாடகர் 1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்யாலயத்தை நிறுவினார். மைசூர் அரண்மனைக்கும் தென்னாட்டுக்கும் பலமுறை போய்க் கர்நாடக இசையில் ஈடுபட்டார். அவர் பாடும் ஸ்வரங்களில் அந்தச் சாயல் உண்டு. அவருடைய சீடர் சவாய் கந்தர்வர். அவருடைய சீடர் பீம்சேன் ஜோஷி. 1953 முதல் புனேயில் நடக்கும் சவாய் கந்தர்வ விழாவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் உடம்புக்கு முடியாமல் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கிய கான்சாகிப் அங்கேயே உயிர் நீத்தார். செங்கல்பட்டுப் பக்கத்து நடைமேடை ஒன்று இந்துஸ்தானி இசை வரலாற்றில் இடம்பெற்றது இப்படித்தான்.

1900களின் தொடக்கத்திலும் பிறகு 1930களில் ஓடியன் கம்பெனிக்காகவும் அவர் பாடிய தட்டுகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ‘78’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைத்த கணக்கு. தொடக்க காலத் தட்டுகள் 76இலும் 80இலும், அதற்கு அப்பாலும்கூட வெட்டப்பட்டன. 76க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு 5 பங்கு. கேட்பதற்குச் சின்னக் கணக்கு. சுருதியில் அது ஏறக்குறைய அரைக்கட்டை. பாடகரின் ஆதார சுருதியே மாறிவிடும், பிருகா ஓட்டம் மாறிவிடும், குரலின் வயதே மாறித் தெரியும். “அந்தக் காலத்துல எல்லாரும் கீச்சுக் குரல்ல பாடியிருக்காங்க” என்று சொல்பவர்கள் பல சமயம் கேட்டது வேகம் தப்பிய தட்டைத்தான். ஆகவே 78 தட்டு கேட்க விரும்புவோர், வேகத்தைச் சற்றே ஏற்றி இறக்கும் வசதியுள்ள டர்ன்டேபிளாகப் பார்ப்பது நல்லது.

உப்புப் படிகமும் புனே மழையும்

கிராமபோன் போய் மின்சார ரெக்கார்டு பிளேயர் வந்தபோது நம் வீடுகளுக்குள் நுழைந்த கார்ட்ரிட்ஜ் கிரிஸ்டல் வகை. ரொஷெல் உப்பு என்ற படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். அழுத்தத்தில் மின்சாரம் பிறக்கும் இந்தக் குணத்தைக் கியூரி சகோதரர்கள் 1880இலேயே கண்டார்கள். 1930களில் அது கார்ட்ரிட்ஜுக்குள் புகுந்தது. மலிவு, வலுவான ஒலி, பெரிய ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். ஆனால் உப்பு உப்புதானே! மிகுந்த ஈரத்தில் கசிந்து கரையும். வறண்ட காற்றில் தன் நீரை இழந்து பொடியாகும். 55 டிகிரி சூட்டில் கெட்டே போகும். புனேயில் சித்திரை வெயிலின் வறட்சியும் உண்டு, ஆடி ஆவணி மழையின் ஈரமும் உண்டு. இங்கே பரணில் கிடந்த பழைய பிளேயர்கள் மோட்டார் சுழன்றும் ஊமையாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். “பெட்டி செத்துப்போச்சு” என்று எடைக்குப் போட வேண்டாம். செத்தது கார்ட்ரிட்ஜ் மட்டுமாக இருக்கலாம். பின்னாளில் உப்புக்குப் பதில் செராமிக் வந்தது. அது மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்.

இந்த வகைக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் திருப்பினால் முள் புரளும்: ஒரு பக்கம் 78க்கான பெரிய முள், மறுபக்கம் எல்.பி.க்கான சிறிய முள். இதை ஏன் வைத்தார்கள் என்று தெரிந்தால் நம் கேள்வியில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும்.

அகலப் பள்ளம், குறுகல் பள்ளம்

1948இல் அமெரிக்கக் கொலம்பியா வினைல் பிளாஸ்டிக்கில் 33⅓ வேக எல்.பி.யை வெளியிட்டது. மறு ஆண்டு ஆர்.சி.ஏ. 45 வேகச் சிறு தட்டைக் கொண்டுவந்தது. நீண்ட பாட்டு அடங்க வேண்டும் என்பதற்காகப் பள்ளத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறுக்கினார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். நம் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் தடிமன். 78 தட்டின் பள்ளம் மேலே 150 மைக்ரான் அகலம், எல்.பி.யில் சுமார் 50. அதற்கேற்ப முள் நுனியின் வளைவும் மாறியது: 78க்கு 65 முதல் 75 மைக்ரான் ஆரம், பழைய மோனோ எல்.பி.க்கு 25, ஸ்டீரியோவுக்கு 18. முட்டை வடிவில் செதுக்கிய எலிப்டிகல் முள்ளில் குறுகிய பக்கம் 8 மைக்ரான் வரை இருக்கும்.

எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் என்ன ஆகும்? அகலமான பள்ளத்தின் சுவரைத் தொட முடியாமல் அடியில் விழுந்து, அங்கே சேர்ந்த தூசியையும் அரக்குத் துகளையும் உழுதுகொண்டு போகும். பாட்டு மெலிந்து, இரைச்சல் ஓங்கும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால்? பள்ளத்துக்குள் இறங்கவே முடியாமல் விளிம்பைக் கீறும். அந்த எல்.பி. அன்றோடு சரி.

இந்தியாவில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மேல்நாடுகளில் 1960ஐ ஒட்டி 78 தட்டு நின்றுபோனது. இங்கே சாவி கொடுக்கும் கிராமபோன்கள் ஊர் ஊராக இருந்ததால் 1960களின் பிற்பகுதி வரை 78 வந்துகொண்டே இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவில் 78ஆக வந்து, இன்று சேகரிப்போர் தேடி அலையும் பொருளாகிவிட்டது. ஆகையால் “இது சிவாஜி, எம்.ஜி.ஆர். காலத்துப் பாட்டு, புதுசுதானே” என்று ஒரே முள்ளில் போட்டுவிடக் கூடாது. பாட்டின் வயதைப் பார்க்க வேண்டாம். தட்டில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பாருங்கள்.

மோனோவா ஸ்டீரியோவா என்பதற்கும் தட்டிலேயே சாட்சி இருக்கிறது. எச்.எம்.வி.யின் பழைய இந்திய எல்.பி.களில் ஈ.சி.எல்.பி., ஈ.ஏ.எல்.பி. என்ற எழுத்துகளோடு எண் தொடங்கினால் மோனோ, ஈ.சி.எஸ்.டி., ஈ.ஏ.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. பழைய மோனோ கார்ட்ரிட்ஜ் பலவற்றின் முள் மேலும் கீழும் வளையாது. அதை ஸ்டீரியோ தட்டில் வைத்தால் புளும்லைனின் சுவர்களை அது இடித்துத் தள்ளும். மாறாக, ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் மோனோ தட்டு போடலாம், கெடுதல் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும். பாட்டு மட்டும் நிற்கும். 78க்கும் இதே வைத்தியம்தான்.

எதை வாங்குவது?

என் அனுபவத்தில் சொல்கிறேன்: வாங்கப் போகுமுன் தட்டுகளைத் தரையில் பரப்பி மூன்று அடுக்காகப் பிரியுங்கள். 78 ஓர் அடுக்கு, மோனோ எல்.பி.யும் இ.பி.யும் ஓர் அடுக்கு, ஸ்டீரியோ ஓர் அடுக்கு. எது அதிகமோ அதைப் பொறுத்துப் பணத்தைச் செலவிடுங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது ‘மூவிங் மேக்னெட்’ வகை. முள்ளின் மறுமுனையில் சிறு காந்தம் அசைந்து, பக்கத்திலிருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் உண்டாக்கும். கிடைப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆகவே ‘ஃபோனோ’ என்று எழுதிய வாய் உள்ள ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அந்த வாய் ஒலியைப் பெருக்குவதோடு, பதிவின்போது குறைத்த கீழ்ச்சுருதியையும் கூட்டிய மேல்சுருதியையும் 1954இல் ஏற்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குப்படி சமன் செய்யும். அதற்கு முந்திய தட்டுகளுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. அங்கே ட்ரெபிள், பாஸ் திருகைக் காதால் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். ‘மூவிங் காயில்’ வகையில் சுருள் அசையும்; நுட்பம் அதிகம், விலையும் அதிகம், ஒலி இன்னும் பத்தில் ஒரு பங்கு. முள் தேய்ந்தால் பெரும்பாலும் முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும். வீட்டுக்கு அது அவசியமில்லை.

மூவிங் மேக்னெட்டில் முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது நம்மைப் போன்ற கலப்புச் சேகரிப்புக்காரர்களுக்குப் பெரிய வரம். ஆடியோ-டெக்னிக்கா 2018இல் கொண்டுவந்த வி.எம்.95 வரிசையில் ஒரே உடம்புக்கு எல்.பி. முள்ளும் 78 முள்ளும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் கம்பெனியிலும் 78க்கென்றே வகைகள் உண்டு. பல காலம் கொடிகட்டிப் பறந்த அமெரிக்க ஷூர் கம்பெனி 2018இல் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்திவிட்டது. பழைய ஷூர் வைத்திருப்பவர்கள் பிறர் செய்யும் மாற்று முள்ளைத்தான் தேட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இன்று கைப்பெட்டி வடிவத்தில் அழகழகாகச் சிறு பிளேயர்கள் வருகின்றன. ‘மூன்று வேகம்: 33, 45, 78’ என்று எழுதியிருக்கும். அந்தப் பொத்தான் வேகத்தை மட்டும்தான் மாற்றும், முள்ளை மாற்றாது. பலவற்றில் மாட்டியிருப்பது எல்.பி.க்கான நீலக்கல் முள். அழுத்தம் 5, 6 கிராம். நீலக்கல் முள் 50 மணி நேரம் தாங்கினால் அதிகம். வைரமுள் 500 முதல் 1000 மணி நேரம். ஒரு எல்.பி.க்கு 40 நிமிடம் என்றால் நீலக்கல் 75 தட்டோடு தேய்ந்துவிடும்; வைரம் குறைந்தது 750 தட்டுக்கு வரும். விலை பார்த்து ஏமாறாமல் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

பொருத்தும் முறை

பொறுமை இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை.

முதலில் கம்பிகள். வெள்ளையும் சிவப்பும் இடது வலது. நீலமும் பச்சையும் அவற்றின் திரும்பு வழி. நிறம் பார்த்து மாட்டினால் போதும். முள்ளுறையைக் கழற்றாமல் செய்யுங்கள்.

இரண்டாவது, கோணம். தட்டை வெட்டும் கருவி விளிம்பிலிருந்து நடுவுக்கு நேர்கோட்டில் போகும். நம் டர்ன்டேபிளின் கையோ ஒரு முனையில் நின்று வில்லாக வளைந்து வரும். ஆகவே முள் எல்லா இடத்திலும் பள்ளத்துக்கு நேராக நிற்காது. இதை எப்படிக் குறைப்பது என்று பெர்சி வில்சன் என்பவர் 1924இலேயே லண்டன் ‘கிராமபோன்’ பத்திரிகையில் எழுதினார். சாவி கொடுக்கும் கிராமபோன் காலம் அது! 1938இல் லோஃப்கிரென் என்பவரும் 1941இல் பேர்வால்ட் என்பவரும் கணக்கைத் துல்லியமாக்கினார்கள். அவர்கள் கணக்குப்படி நடுக்குச்சியிலிருந்து சுமார் 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் முள் பள்ளத்துக்கு மிகச்சரியாக நேராக இருக்க வேண்டும். இந்த இரண்டு புள்ளிகள் அச்சிட்ட அட்டை கிடைக்கும். முள்ளைப் புள்ளியில் வைத்து, கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் அட்டைக் கோடுகளோடு ஒத்துப்போகும் வரை முன்னும் பின்னும் நகர்த்தித் திருகை முடுக்குங்கள்.

மூன்றாவது, அழுத்தம். கையின் பின்னாலிருக்கும் எடையைத் திருகி, கை தராசு முள்போலக் கிடையாக மிதக்கும்படி செய்யுங்கள். அது சுழி. பிறகு கார்ட்ரிட்ஜ்காரர் சொன்ன கிராமுக்கு ஏற்றுங்கள்; எல்.பி.க்குப் பெரும்பாலும் 2 கிராம் அளவில். சில 78 முட்கள் 5 கிராம் வரை கேட்கும். நகைக்கடையில் குண்டுமணி நிறுப்பதுபோலக் கால் கிராம்கூடக் கணக்குதான். சிறு மின்தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். “லேசா வெச்சா தட்டு தேயாது” என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. அழுத்தம் குறைந்தால் முள் சுவரை விட்டு எகிறி எகிறி விழும். தேய்வதைவிட அதுதான் கெடுதல். 2 கிராம்தானே என்றும் நினைக்க வேண்டாம். முள் தொடும் இடம் அவ்வளவு நுண்ணியது என்பதால், அங்கே விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவைத் தாண்டும்.

நான்காவது, எதிர்ச்சறுக்கு. சுழலும் தட்டு கையை நடுப்பக்கம் இழுக்கும். அதற்கு எதிராக இழுக்கும் திருகை அழுத்தத்தின் எண்ணுக்கே வையுங்கள். ஐந்தாவது, முன்னாலிருந்து பார்த்தால் முள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் கை தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும்.

கடைசியாகச் சுத்தம். எல்.பி.யைச் சோப்பு கலந்த நீரில், நடுச்சீட்டு நனையாமல் துடைக்கலாம். ஆனால் 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. மரச்சாமானுக்குப் பிரெஞ்ச் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே! உங்கள் கிட்டப்பாவும் அதே போலக் கரைந்துவிடுவார்.

இத்தனை பாடு எதற்கு?

ஏரவாடாவில் எங்கள் தெருவிலிருக்கும் எண்பது வயது அம்மாள் ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, இதெல்லாம் இப்போ ஃபோன்லயே வருதே, இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடறே?” நியாயமான கேள்வி. பெயர் பெற்ற பாட்டுகள் வருகின்றன. ஆனால் அவர் பெட்டியில் இருந்தவற்றைப் பார்த்தேன்: நாடகமேடையில் பாடிய, இன்று யாருக்கும் பெயர் தெரியாத பெண்களின் தட்டுகள், ஊர் நாகசுரக்காரர்களின் தட்டுகள், நலங்குப் பாட்டு, கும்மி, ஹாஸ்யம். தாய் அச்சுகள் எங்கே போயின என்றே தெரியாத காலத்தில் இப்படிப்பட்ட தட்டு ஒன்று, எஞ்சிய ஒரே பிரதியாகவும் இருக்கலாம். அப்போது அந்தப் பரண்தான் ஆவணக் காப்பகம். அந்த அம்மாள்தான் காப்பாளர்.

மும்பையில் 1990 முதல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் இந்தப் பணியைச் செய்துவருகிறது. மும்பையில் தயாரான ‘யங் இந்தியா’ முத்திரைத் தட்டுகளைத் தேடி எண்ணியப் பதிவாக்க, பிரிட்டிஷ் நூலகம் தன் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் உதவியது. அந்த வேலைக்குத் தட்டு கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள்தாம். தேய்ந்த ஊசியில் நூறு முறை பாடி முடிந்த தட்டால் எந்த நூலகத்துக்கும் பயனில்லை. சரியான முள்ளில், சரியான வேகத்தில் ஒருமுறை பாடவைத்துக் கணினியில் பதிந்துவிட்டால் அதன்பின் தட்டு ஓய்வெடுக்கலாம்.

ஆகையால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். பரணில் பெட்டி இருந்தால் இறக்குங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். பெயர், கம்பெனி, எண், வேகம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுச்சீட்டின் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள். 78 முள் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் வாங்க வேண்டியதில்லை. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். அதுவரை, கைக்குக் கிடைத்த முள்ளை வைத்து ‘சும்மா ஒருதரம்’ போட்டுப் பார்க்க மட்டும் வேண்டாம்.